பூனைக்கண்

நாய்க்குட்டியின் தாடையை விரலால் தாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பியபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கூடப் பிறந்த மற்ற நான்குக்கும் கண் கருத்தாயிற்று. பிறந்து கண் திறக்கிறபோது எல்லாக் குட்டிக்கும் கலங்கின நீலம்தான் இருக்கும். வாரங்கள் போகப் போக அடியிலிருந்து பழுப்பு ஏறி, வறுத்த காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்து நின்றுவிடும். இதற்கும் வலது கண் அப்படித்தான் வந்து நின்றது. இடது கண் மட்டும் ஏறவில்லை. கலக்கம் தெளிந்து, சுத்தமான நீலமாக இருந்தது. அதன் நடுவில் கருமணி, ஒட்டவைத்த மிளகு மாதிரி. அவள் குட்டியைக் கீழே விட்டாள். அது தன் அம்மாவைத் தேடிப் போகாமல் அவளுடைய செருப்பைக் கடிக்க உட்கார்ந்தது.

“என்ன அண்ணி, எல்லாம் கருத்தாச்சா?” என்று வாசற்படியில் நின்று கேட்டாள் தம்பி மனைவி. கையில் இருவருக்குமான டீ.

“ஒண்ணு மட்டும் பூனைக்கண்ணு.”

“ஐயையோ. அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் போய்ச் சொன்னா, நான்தான் பெயின்ட் அடிச்சேன்னு சொல்வாரு.”

அவள் டீயை வாங்கிக்கொண்டாள். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. சிரிப்பு வரவில்லை, அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகவும் இல்லை. அப்பா போன நாளிலிருந்தே இப்படித்தான் இருந்தது.

நாய்க் கண்காட்சி வட்டாரத்தில் அப்பாவுக்குப் பெயர் கருங்கண்காரர். பட்டு மாதிரி முடியும் நீண்ட மூக்கும் கொண்ட இந்த ஆடு மேய்க்கிற நாய் ஜாதியை வளர்ப்பவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அப்பாவின் கொட்டிலில் பிறந்த நாயின் கண்ணைப் பார்த்து மீசையைத் திருத்திக்கொள்ளலாம் என்று நடுவர்களே வேடிக்கையாகச் சொல்வார்கள். கண் கருப்பாக இருந்தே ஆக வேண்டும் என்பது இந்த ஜாதிக்கு எழுதிவைத்த விதி. நடை ராஜநடையாக இருந்தாலும் சரி, தலை செதுக்கினாற்போல இருந்தாலும் சரி, ஒரு கண்ணில் நீலம் தெரிந்தால் மைதானத்தின் கயிற்றுக்கு வெளியே போய்விட வேண்டியதுதான். அந்தக் கறை தன் வம்சத்தில் இல்லவே இல்லை என்பதுதான் அப்பாவின் கிரீடம். ஊர் ஊராகத் தேடி வந்து குட்டிக்குச் சொல்லிவைத்துவிட்டுப் போனார்கள்.

ஒரு காலையில் நாய்க்கு முடி சீவிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். சீப்பு நாயின் முதுகிலேயே சிக்கிக்கொண்டிருந்தது. முதலில் பார்த்தவள் அவள்தான். தம்பியைக் கூப்பிட்டாள், அப்பாவை உள்ளே கிடத்தினார்கள், மனிதர்கள் வரத் தொடங்கினார்கள். அவள் வெளியே போய் அந்த நாயின் மீதிப் பாதியைச் சீவி முடித்தாள். ஈர முடியைப் பாதியில் விட்டால் சடை விழுந்துவிடும். அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. துக்கத்துக்கு வந்த அத்தைமார்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். “கல்நெஞ்சுக்காரி, ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே” என்று அவள் காதுபடவே பேசினார்கள். அழுகை வரும் என்று அவளும் எதிர்பார்த்துத்தான் இருந்தாள், நின்றுபோன வழித்தடத்தில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போல. பிறகு காத்திருப்பதையும் விட்டுவிட்டாள்.

அப்பா கடைசியாகச் சேர்த்துவைத்த ஜோடிக்குப் பிறந்த குட்டிகள் இவை. தம்பி வந்து பார்த்தான். குட்டியைத் தூக்கி, வெளிச்சத்துக்குக் காட்டி, நிழலுக்குக் காட்டி, ஈரத்துணியால் இமையைத் துடைத்துக்கூடப் பார்த்தான். மைதானத்தில் நாயைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவன் அவன்தான். கோட்டுப் போட்டுக்கொண்டு அவன் ஓடுகிறபோது நாயின் கால் எது அவன் கால் எது என்று தெரியாது. அப்பா போனபின் பெயரைத் தூக்கிச் சுமக்கிற வேலையும் அவன் தலையில் விழுந்திருந்தது.

“டாக்டரைக் கூப்பிட்டுடுக்கா.”

“எதுக்கு?”

“எதுக்குன்னா? அப்பா இருந்தா என்ன செய்வாரு?”

“தோட்டத்துக்குக் கொடுத்திருப்பாரு.”

அவன் அவளைக் கொஞ்சநேரம் பார்த்தான். “ஆமா. தோட்டம்,” என்றான். பிறகு டாக்டருக்கு அவனே போன் செய்தான்.

தோட்டத்தின் கதை இதுதான். அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது ஒரு குட்டிக்கு இரண்டு கண்ணும் நீலமாக நின்றுவிட்டது. கோலிக்குண்டு மாதிரி இருந்ததால் கோலி என்று பெயர் வைத்தாள். ஒரு நாள் பள்ளிவிட்டு வந்தபோது கோலி இல்லை. நண்பர் ஒருவரின் தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டதாக அப்பா சொன்னார். பெரிய தோட்டம், நடுவில் குளம், ஓடி விளையாட இடம். அதன்பிறகு அவள் கேட்கிறபோதெல்லாம் சேதி வரும். கோலி குளத்தில் நீந்தக் கற்றுக்கொண்டுவிட்டதாம். கோலி ஒரு நரியைத் துரத்திவிட்டதாம். அவள் அதையெல்லாம் வகுப்பில் சொல்லுவாள். அவள் வளர்ந்து பெரியவளான பிறகு ஒரு மாலையில், கோலிக்கு வயசாகி மரத்தடியில் படுத்தபடியே போய்விட்டதாம் என்று அப்பா சொன்னார். அன்றைக்கு அழுதாள். தலையணை நனைய அழுதாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

கால்நடை டாக்டர் ஸ்கூட்டரில் வந்தார். அப்பாவின் வயதுக்காரர், அவள் தவழ்ந்த காலத்திலிருந்து இந்தக் கொட்டிலுக்கு வந்துபோகிறவர். குட்டியை மேசையில் நிறுத்தி எலும்பைத் தடவினார், வாயைத் திறந்தார், முதுகுக்குப் பின்னால் கையைத் தட்டினார். குட்டி சட்டென்று திரும்பியது.

“காது நல்லா கேக்குது. உடம்புக் கட்டும் பிரமாதம். என்ன பண்றது,” என்று சொல்லிப் பையைத் திறந்தார். “நீ பிடிச்சுக்கறியா பாப்பா, இல்ல தம்பி வரட்டுமா?”

“எதுக்குப் பிடிக்கணும்?”

டாக்டரின் கை பைக்குள்ளேயே நின்றது. “தம்பி ஒண்ணும் சொல்லலையா?”

“தோட்டத்துக்குக் கொடுத்துடலாமே டாக்டர். அப்பாவோட ஃபிரெண்டு தோட்டம் இருக்கே, குளத்தோட.”

“எந்தத் தோட்டம்?”

சூதுவாது இல்லாமல்தான் கேட்டார். கேட்டு வாயை மூடுவதற்குள் அவருக்கே விளங்கிவிட்டது. மேசையில் நின்ற குட்டி அவருடைய கைக்கடிகாரத்தை நக்கியது.

“இப்படி நிறைய வந்திருக்கா?” என்றாள்.

“நான் என்ன கணக்கா வெச்சேன். ரெண்டு மூணு ஈத்துக்கு ஒண்ணு தலைகாட்டும். ரத்தத்துல இருக்கும்மா, எங்க போகும்?”

“ரெண்டு கண்ணும் நீலமா ஒண்ணு. நான் ஸ்கூல் படிக்கறப்ப.”

அவர் பைக்குள்ளிருந்து கையை எடுத்தார். “அது ஞாபகம் இருக்கு. மத்ததுக்கெல்லாம் உங்கப்பா வெளியில போய் நின்னுக்குவாரு. அதை மட்டும் மடியில வெச்சுக்கிட்டாரு. அது அவர் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அவரால தாங்க முடியல. கைக்குட்டையை எடுத்து அதோட கண்ணை மூடிட்டுத்தான், ஊசியைப் போடுங்கன்னாரு.”

இப்போது ஏதாவது நடக்கும் என்று அவள் நின்றாள். நெஞ்சை அடைக்கும், கால் தளரும், கத்தத் தோன்றும். எதுவும் நடக்கவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் மரத்துப்போகிற ஈறு மாதிரி, அழுத்துவது தெரிந்தது, வலி தெரியவில்லை. டாக்டரின் ஷூவில் நாடா அவிழ்ந்து தரையில் கிடப்பதைக் கவனித்தாள்.

“ஷூ லேஸ் அவிழ்ந்திருக்கு டாக்டர். தடுக்கிடும்.”

அவர், சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளைபோலக் குனிந்து கட்டிக்கொண்டார்.

“இன்னிக்கு வேண்டாம்,” என்று குட்டியைத் தூக்கிக்கொண்டாள். “உள்ள வாங்க. டீ குடிச்சிட்டுப் போங்க.”

சாயங்காலம் தம்பி குதிகுதியென்று குதித்தான். கடைசியில் இறங்கி வந்தான். “சரி, வீட்டுக்குள்ளயே வெச்சுக்கோ. வெளியாள் கண்ணுல மட்டும் படக்கூடாது. ஞாயித்துக்கிழமை ஒரு பல் டாக்டர் குட்டி வாங்கறதுக்குப் பாக்க வராரு. அப்ப ஸ்டோர் ரூம்ல போட்டுக் கதவைச் சாத்திடு.”

“கோலி விஷயம் உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“எல்லாருக்கும் தெரியும்க்கா. உன்கிட்ட மட்டும்தான் சொல்லல. நீ அழுவேன்னு.”

ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் தன் மனைவியோடு வந்தார். கண்காட்சிக்குப் புதியவர், புதியவர்களுக்கே உரிய பயபக்தியோடு செருப்பை வாசலிலேயே கழற்றினார். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு குட்டியின் உதட்டையும் விரலால் தூக்கிப் பல்லைப் பார்த்தார். “தொழில் புத்தி, மன்னிச்சுக்குங்க” என்று மனைவி சிரித்தாள். தம்பி அப்பாவின் குரலிலேயே பேசிக்கொண்டிருந்தான். இந்த வம்சத்தின் கண்ணைப் பற்றி, அந்தக் கருப்பைப் பற்றி. சொல்லுக்குச் சொல் அப்பா. சுவரில் அப்பா கோப்பையும் கையுமாக நின்றார்.

ஸ்டோர் ரூமிலிருந்து ஒரு முனகல் வந்தது.

“அங்க என்ன?” என்றார் பல் டாக்டர்.

“பழைய ஃபிரிட்ஜ்ங்க,” என்றாள் தம்பி மனைவி.

ஃபிரிட்ஜ் குரைத்தது.

யாரும் எதுவும் சொல்வதற்கு முன் அவள் எழுந்துவிட்டிருந்தாள். அவள் எதையும் தீர்மானிக்கவில்லை. குரைத்தால் கதவைத் திறக்கிற பழக்கம் காலுக்கு இருந்தது, கால் போனது. குட்டியைத் தூக்கி வந்து மற்றவற்றோடு விட்டாள். அது நேராகப் போய்ப் பல் டாக்டரின் மடியில் ஏறி அவரை அண்ணாந்து பார்த்தது.

“இதுக்கு ஏன் ஒரு கண்ணு மட்டும் இப்படி?”

“அது ஒரு சின்ன இன்ஃபெக்‌ஷன். மருந்து போட்டுட்டிருக்கோம், சரியாயிடும்,” என்றான் தம்பி.

“இல்லைங்க,” என்றாள். “பிறவி. எங்க வம்சத்துலயே இருக்கு. நீங்க எடுத்துட்டுப் போற குட்டிக்குக் கண்ணு கருப்பாத்தான் இருக்கும். அது போடற குட்டிக்கு வரலாம். அப்பா காலத்துலயும் வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. வந்ததையெல்லாம் ஊசி போட்டுட்டாரு.”

தன் குரல் ஸ்டேஷனில் ரயில் தாமதத்தை அறிவிக்கிற குரல்போல அவளுக்குக் கேட்டது. பல் டாக்டர் மடியிலிருந்த குட்டியை இரண்டு கையாலும் எடுத்து, கடையில் விலை கேட்டுவிட்டுத் திருப்பி வைக்கிற கண்ணாடிச் சாமான் மாதிரி, அலுங்காமல் தரையில் வைத்தார். “வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றோம்,” என்றார். வீடே பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தது.

கார் கிளம்பிப் போனது. தம்பி சுவரிலிருந்த அப்பா படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “அவரை ரெண்டாவது தடவை சாகடிச்சிட்ட.”

அந்த வார்த்தை எங்காவது தைக்கிறதா என்று அவள் தனக்குள் தேடிப் பார்த்தாள். தம்பி மனைவி சத்தம் வராமல் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு போனாள்.

சேதிக்குக் காலா இல்லை. முந்தைய ஈத்துகளில் குட்டி வாங்கினவர்களெல்லாம் போன் செய்தார்கள். சிலர் திட்டினார்கள், சிலர் தங்கள் நாயை டார்ச் அடித்துப் பார்த்ததாகச் சொன்னார்கள். சொல்லிவைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அடுத்த கண்காட்சியில் தம்பி பெரிய நாயைப் பிடித்துக்கொண்டு ஓடினான். எத்தனையோ முறை அதற்குக் கோப்பை கொடுத்த அதே நடுவர், அன்று அதன் இமையைக் கட்டைவிரலால் விலக்கி ஒரு கண்ணைப் பார்த்தார், மறு கண்ணைப் பார்த்தார், மறுபடியும் முதல் கண்ணைப் பார்த்தார். காப்பிக்கொட்டைக் கருப்புதான். இருந்தும் வரிசையில் கடைசிக்கு அனுப்பினார். திரும்பி வந்து கோட்டைக் கழற்றி மாட்டியவன் அதன்பின் கொட்டில் பக்கமே வரவில்லை. கழுவுவது, சோறு வைப்பது, சீவுவது எல்லாம் அவள் ஒருத்தி தலையில். அதுவும் அவளுக்குப் பாரமாகத் தெரியவில்லை, லேசாகவும் தெரியவில்லை.

ஒருநாள் மட்டும், அப்பாவோடு காலமெல்லாம் போட்டி போட்ட ஒரு வயதான அம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கினார். குட்டியைப் பார்க்க வேண்டும் என்றார். பார்த்தார். அதன் நெற்றியை வருடினார். “எங்க வீட்லயும் வரும்,” என்று முணுமுணுத்தார். “உங்கப்பனுக்கும் தெரியும். என்னுதை அவன் சொல்லல, அவனுதை நான் சொல்லல. நீயும் வாயைத் திறந்துடாதடி.” ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லியிருந்ததால் உடனே போய்விட்டார். அவள் யாரிடமும் சொல்லவில்லை.

குட்டி கால் நீண்டு வளர்ந்தது. மார்பில் முடி இறங்கியது. கொட்டிலுக்கு முன்னாலிருந்த முற்றத்தில் அது குறுக்கே ஓடுகிறபோது முதுகு தளும்பாத தண்ணீர்போல அசையாமல் போவதை அவள் கவனித்தாள். கவனித்ததோடு சரி.

வெயில் தாழ்ந்த ஒரு பிற்பகல், தீவனம் கலந்த வாளியோடு அவள் வெளியே வந்தபோது தம்பி முற்றத்தில் நின்றுகொண்டிருந்தான். வீட்டு லுங்கி, ரப்பர் செருப்பு, சவரம் செய்யாத முகம். அவளைப் பார்க்கவில்லை. கம்பியில் தொங்கிய மெல்லிய கண்காட்சிக் கயிற்றை எடுத்துக் குட்டியின் கழுத்தில் மாட்டினான். நாக்கைத் தட்டி ஒரு சத்தம் கொடுத்தான். இருவரும் ஓடத் தொடங்கினார்கள். செருப்பு ஒன்று கழன்று விழுந்தது, அவன் நிற்கவில்லை. ஒரு கையால் லுங்கியைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் கயிறு தொய்யாமல் இறுகாமல், முற்றத்தைச் சுற்றி ஓடினான். கூண்டுகளுக்குள் மற்ற நாய்கள் எழுந்து நின்று பார்த்தன. ஒரு சுற்று முடிந்து நடுவில் வந்து நிறுத்தினான். மூச்சு வாங்க மண்டியிட்டு, குட்டியின் பின்னங்கால்களைச் சரியாக நட்டு, வாலை இறக்கிவிட்டு, தாடையின் அடியில் இரண்டு விரலை வைத்துத் தலையை நிமிர்த்தினான்.

பிறகு அசையவில்லை. நடுவர் வரிசையின் அந்தக் கோடியிலிருந்து பார்த்துக்கொண்டே வருகிறபோது நிற்கிற நிற்பு அது. குட்டியும் அசையவில்லை. அதன் மார்பு முடியைக் காற்று ஒதுக்கி ஒதுக்கிவிட்டது. அது ஒரு கருப்புக் கண்ணாலும் ஒரு நீலக் கண்ணாலும் காலி முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவள் வாளியைக் கீழே வைத்தாள்.