குற்றத்துக்கு ஒரு கேக்

ஹாட்டி பிக்கர்ஸ்கில் என்ற பெண் வேலை பார்த்த பல்கலைக்கழக லேபில் ஒரு சட்டம் உண்டு. சுவரில் எழுதி ஒட்டியிருந்த சட்டங்களை ஒருவரும் மதித்ததில்லை. எங்கும் எழுதாத இந்த ஒன்றை மட்டும் யாரும் மீறியதில்லை. எதை உடைத்தாலும், கெடுத்தாலும், மறந்து தொலைத்தாலும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு ஒரு கேக் கொண்டுவர வேண்டும். கண்ணாடிச் சாமான் உடைந்தால் கடைக் கேக் போதும். ஃப்ரீசர் கதவைத் திறந்துபோட்டு வீட்டுக்குப் போனவர் என்றால் கையால் சுட்டதுதான் செல்லும். கேக்கை நடுவில் வைத்து, செய்த தப்பை வாயால் சொல்லி, தானே துண்டு போட்டு எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். சாப்பிட்டதும் கணக்கு தீர்ந்தது. திங்கட்கிழமை அதைப் பற்றி யாரும் மூச்சு விடக் கூடாது.

இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் காலை மிதித்தவனிடமே "சாரி" சொல்வார்கள். ஆனால் நிஜமாகவே ஒரு தப்பைச் செய்துவிட்டு, நான்தான் செய்தேன் என்று சொல்ல வேண்டி வந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த நாக்கைக் கழற்றத்தான் இந்தக் கேக் ஏற்பாடு.

ஹாட்டியின் கேக் ஒன்று மார்ச் மாதத்திலிருந்து பாக்கி இருந்தது. அது யாருக்கும் தெரியாது.

அவளுக்குப் பக்கத்து மேஜை இட்ரிஸ் ப்யூ. வேல்ஸில் ஆட்டுப் பண்ணை வைத்திருக்கும் வீட்டுப் பையன். இரண்டு பேரும் ஒரே வருடம் பிஎச்.டி.க்குச் சேர்ந்தவர்கள், ஒரே கெட்டிலில் டீ போட்டுக் குடித்து வளர்ந்தவர்கள். இரண்டு பேரும் மேய்த்தது பழ ஈக்களை. வாழைப்பழம் கொஞ்சம் கனிந்தால் எங்கிருந்தோ வந்து மொய்க்குமே, அதே பொடி ஈக்கள்தான்.

இட்ரிஸ் செய்துகொண்டிருந்தது பொறுமைசாலியின் வேலை. ஒவ்வொரு தலைமுறையிலும் கடைசிவரை உயிரோடிருக்கும் கிழட்டு ஈக்களின் முட்டைகளை மட்டும் எடுத்து அடுத்த தலைமுறையை வளர்ப்பான். மற்றதெல்லாம் மேஜையில் இருக்கும் சாராயக் குடுவைக்குப் போகும். லேபில் அதற்குப் பெயர் சவக்கிடங்கு. இப்படியே மூன்று வருடம் போனதில், அவன் ஈக்கள் சாதாரண ஈக்களைவிட வெகுகாலம் வாழத் தொடங்கியிருந்தன. "கிழவிங்க" என்றுதான் அவற்றைக் கூப்பிடுவான். அந்தக் கிழவிகளை உறைய வைத்து அலமாரியில் பூட்டிவைக்க வழியில்லை. யாராவது புதுச் சாப்பாட்டுக் குப்பிக்கு மாற்றி மாற்றி உயிரோடு வைத்திருந்தால்தான் உண்டு. அவனுடைய பிஎச்.டி. மொத்தமும் ஒரு தட்டில் நின்ற அந்தச் சில குப்பிகளில்தான் இருந்தது.

மார்ச்சில் ஆடுகள் குட்டி போடும் நேரம் பார்த்து அவன் அப்பா கீழே விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். இட்ரிஸ் கிளம்ப வேண்டியதாயிற்று.

"ரெண்டு நாளைக்கு ஒரு தடவை குப்பி மாத்தணும். வியாழக்கிழமை பொம்பளைங்களை மட்டும் பிரிச்சு முட்டை போட விட்டுடு," என்றான். "ஒவ்வொரு குப்பியா எடு ஹாட்டி. மொத்தமா கொட்டிடாதே."

"எனக்கே ஈ மேய்க்கக் கத்துக்குடுக்கிறியா? போய் உன் ஆட்டைப் பாருடா."

"ஆடாவது பரவாயில்ல, கத்தி ஊரைக் கூட்டும். இதுங்க சத்தமே போடாம செத்துடும்."

வியாழக்கிழமை அவள் மொத்தமாகத்தான் கொட்டினாள். அவசரம். மூன்றாவது அத்தியாயத்தை சூப்பர்வைசர் மரியனுக்கு அனுப்பிவிட்டு, பதில் வருமா வருமா என்று மெயிலைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்த வாரம் அது. ஈக்களைக் கொட்டுவது சின்னத் துளைகள் உள்ள ஒரு பலகைமேல்; அதன் வழியே மயக்க வாயு மெல்ல வரும்; ஈக்கள் அதன்மேல் சுருண்டு தூங்கும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ஆண், பெண் பிரித்துவிடலாம். கொஞ்ச நேரம் என்றால் ஒன்றும் ஆகாது. அதிக நேரம் விட்டால் தூக்கம் தூக்கமாகவே போய்விடும்.

பிரிக்கத் தொடங்கியபோது பக்கத்து அறைக் கம்ப்யூட்டர் மணியடித்தது. ஒரு நிமிடம் என்று எழுந்து போனாள். மரியனின் பதிலில் முதல் வரி: "சுவாரஸ்யமான தொடக்கம்." பிரிட்டனில் ஆராய்ச்சி செய்தவர்களுக்கு இந்த ஒரு சொல்லின் அர்த்தம் தெரியும். சூப்பர்வைசர் "சுவாரஸ்யம்" என்றால் தேறாது. "ஓரளவு நல்லா இருக்கு" என்றால் நல்லா இல்லை. கடைசி வரி, "இன்னும் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாமா?" குளிர்காலம் முழுக்க எழுதியதைக் குப்பையில் போடு என்பதை இதைவிடப் பணிவாகச் சொல்ல முடியாது.

ஹாட்டி திரும்பத் திரும்பப் படித்தாள். கழிவறையில் போய் அழுதாள். முகம் கழுவிக்கொண்டு வந்தவளை டன்கன் பிடித்துக்கொண்டான். படிப்பை முடித்துவிட்டு அங்கேயே வேலை பார்க்கும் ஸ்காட்லாந்துக்காரன் அவன். டீ போட்டுக் கொடுத்து, தன் மூன்றாவது அத்தியாயத்தை மரியன் எப்படிக் கொன்றார் என்று கதை சொல்லிச் சிரிக்க வைத்தான். பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்குப் பலகை ஞாபகம் வந்தது.

ஓடினாள். வாயுவை நிறுத்தினாள். காத்திருந்தாள். தூரிகை நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். வாயால் ஊதினாள். ஒரு கால்கூட அசையவில்லை.

அப்போதே இட்ரிஸைக் கூப்பிட்டிருக்க வேண்டும். போனைக் கையில் எடுக்கத்தான் செய்தாள். எங்கோ ஒரு தொழுவத்தில், சேற்றில் மண்டியிட்டுக் குட்டியை இழுத்துக்கொண்டிருப்பவனிடம் இதை எப்படிச் சொல்வது என்று நினைத்தாள். நேரில் சொல்வதுதான் மரியாதை என்று தோன்றியது. இந்த மாதிரி நேரங்களில் மனசு எவ்வளவு கெட்டிக்கார வக்கீல்! அவன் வரும்வரை தட்டு காலியாக இருக்க வேண்டாமே என்று, பொது அலமாரியில் இருந்த சாதாரண ஈக்களை எடுத்தாள். அதே சிவப்புக் கண், அதே உடம்பு. கிழவிகளின் பூர்வீகமே அந்த அலமாரிதான். அவற்றை முட்டை போட விட்டாள். அவன் கையால் எழுதிய ஒட்டுச்சீட்டைப் பழைய குப்பியிலிருந்து பிய்த்து இந்தக் குப்பியில் ஒட்டினாள்.

மறுநாளே இட்ரிஸ் வந்து நின்றான். மாமா குடும்பம் பண்ணைக்கு வந்துவிட்டதாம். கோட்டில் இன்னும் ஆட்டு வாசனை போகவில்லை.

"கிழவிங்க எப்படி இருக்காங்க?"

ஹாட்டி மைக்ரோஸ்கோப் விளக்கை அணைத்தாள்.

"நல்லா இருக்காங்க," என்றாள்.

அவன் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, அதற்கு ஒரு முத்தம் வைத்தான். பிறகு தன் மேஜைக்குப் போய் சீட்டியடித்தபடி எதையோ சவக்கிடங்கில் தட்டிவிட்டு, கழிவுப் பையில் வீசினான். ஹாட்டி அதைச் சரியாகப் பார்க்கவில்லை. சொல்வதற்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தவன் அவள் மேஜையில் ஒரு பாட்டில் ஜாமை வைத்தான்.

"அம்மா குடுத்தாங்க. என் பேரப்பிள்ளைங்களைப் பார்த்துக்கிட்ட பொண்ணுக்குன்னு."

ஹாட்டி நன்றி சொன்னாள். அந்த ஜாமை அவள் திறக்கவும் இல்லை, தூக்கிப்போடவும் இல்லை.

ஏப்ரலும் மேயும் அவளுக்கு ஒரு மாதிரியாகப் போயின. ஜூனில் புதுத் தலைமுறை சாகத் தொடங்கியது. வாழ வேண்டிய காலத்துக்கு வெகு முன்பே, சாதாரண ஈக்கள் சாகிற மாதிரி சாதாரணமாகச் செத்தது. இட்ரிஸ் முதலில் சாப்பாட்டைக் குறை சொன்னான். பிறகு வெப்பநிலையை. பிறகு தன்னை.

"இவ்வளவு நாளும் நான்தான் தப்பா எண்ணியிருக்கேன் போல. வேணும்னு நினைச்சதைப் பார்த்திருக்கேன்," என்றான் ஒரு நாள்.

"அப்படியெல்லாம் இருக்காது."

"பின்ன எங்க போச்சு? மூணு வருஷம் வளர்த்தது ஒரே தலைமுறையில எங்க போகும்?"

ஹாட்டிக்குத் தெரியும் எங்கே போனது என்று. அவள் அவனுக்குக் காபி வாங்கிக் கொடுத்தாள். அவனோடு உட்கார்ந்து செத்த ஈக்களை இரண்டாம் முறை எண்ணிக் கொடுத்தாள். அவன் மறந்துபோன மதியச் சாப்பாட்டை எடுத்து வந்து மேஜையில் வைத்தாள். குற்றவாளியைப்போல அக்கறை காட்டுகிற ஆள் உலகத்தில் கிடையாது.

"நீ மட்டும் இல்லன்னா எப்பவோ ஓடியிருப்பேன் ஹாட்டி," என்றான் அவன். அவள் எண்ணி முடித்த ஈக்களை மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.

டிராமில் வரும்போதெல்லாம் உதட்டுக்குள் ஒத்திகை பார்ப்பாள். எதிரே உட்கார்ந்திருக்கும் கிழவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ஒரு வியாழக்கிழமை துணிந்து எலுமிச்சைக் கேக் சுட்டாள். வெள்ளிக்கிழமை அதை நடுவில் வைத்தாள். எல்லாரும் அவள் வாயைப் பார்த்தார்கள். இட்ரிஸும் பார்த்தான்.

"ஒரு பீக்கரை உடைச்சுட்டேன்," என்றாள்.

"ஒரு பீக்கருக்கு வீட்டுக் கேக்கா!" என்றான் டன்கன். "எல்லாரும் கேட்டுக்கங்க. இந்த லேப்ல மனசாட்சி உள்ள ஒரே ஆள் ஹாட்டிதான்."

எல்லாரும் கைதட்டினார்கள். இட்ரிஸ் இரண்டு துண்டு சாப்பிட்டான்.

ஜூன் கடைசி வெள்ளிக்கிழமை இட்ரிஸ் ஒரு கேக்கோடு வந்தான். டீயில் ஊறவைத்த உலர் திராட்சை போட்டு அவன் அம்மா சுடுகிற கறுத்த கேக். துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தான். முகம் சவரம் செய்து, தலை வாரி, யார் வீட்டுத் துக்கத்துக்கோ போகிறவன் மாதிரி இருந்தான்.

"என்னடா உடைச்ச?" என்றான் டன்கன்.

"மூணு வருஷத்தை," என்றான் இட்ரிஸ். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "கிழவிங்கன்னு ஒண்ணு இருந்ததே இல்ல. நான்தான் எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன். உங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன், தெரியாமதான். மன்னிச்சுடுங்க. அப்பாவுக்கும் இனிமே தனியா முடியாது. படிப்பை இந்த மாசத்தோட விட்டுடலாம்னு இருக்கேன் மரியன்."

மரியன் கண்ணாடியைக் கழற்றினார். "அவசரப்படாதே இட்ரிஸ்," என்றார். டன்கன் தட்டைப் பார்த்தபடி இருந்தான்.

இட்ரிஸ் துண்டு போட்டுக் கொடுத்துக்கொண்டே வந்தான். ஹாட்டிக்குக் கொஞ்சம் பெரிய துண்டாகவே வைத்தான். அந்தத் துண்டைப் பார்த்ததும் அவளுக்குள் ஏதோ அறுந்துபோயிற்று.

"அது உன் ஈ இல்ல," என்றாள்.

"என்ன?"

"நீ எண்ணினது உன் ஈ இல்ல இட்ரிஸ். உன்னுதெல்லாம் என் கையில செத்துப்போச்சு. வாயுவுல வெச்சுட்டு மறந்துட்டேன். அலமாரியில இருந்ததைப் பிடிச்சு உன் குப்பியில போட்டுட்டேன். நீ எதுவும் தப்பா எண்ணல. நீ தப்பே பண்ணல."

கெட்டில் கொதித்துத் தானாக நின்றது. இட்ரிஸ் கத்தியைக் கீழே வைத்தான். அவன் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை. அழுகிற குழந்தையிடம் காணாமல்போன பொம்மையைக் காட்டினால் வருமே, அது வந்தது.

"அப்போ அது நிஜம்," என்றான் மரியனைப் பார்த்து. "நான் கண்டது நிஜம்தான்."

"நிஜம்தான்," என்றார் மரியன். "பழைய தலைமுறைக் கணக்கெல்லாம் இருக்கு. அதை வெச்சே நீ எழுதி முடிச்சுடலாம்."

ஹாட்டி மூச்சை விட்டாள். சொல்லியாகிவிட்டது, சொல்லிவிட்டால் இவ்வளவுதான் என்று ஒரு கணம் நினைக்கக்கூடச் செய்தாள்.

"எப்போ செத்துச்சு?" என்றான் இட்ரிஸ்.

"வியாழக்கிழமை. நீ வர்றதுக்கு முந்தின நாள்."

அவன் நாற்காலியை இழுத்து மெதுவாக உட்கார்ந்தான்.

"நான் ஒரு குப்பி கூடவே எடுத்துட்டுப் போயிருந்தேன்," என்றான். குரல் உயரவே இல்லை. "கோட்டுப் பையில வெச்சு. வீட்டுல அடுப்புப் பக்கத்து ஜன்னல்ல வெச்சிருந்தேன். அம்மாதான் அதுங்களைப் பேரப்பிள்ளைங்கன்னு கேலி பண்ணாங்க. இங்க ஏதாவது ஆனாலும் இருக்கட்டும்னுதான். உன்னை நம்பலன்னு நினைச்சுக்குவியேன்னு உன்கிட்ட சொல்லல. முட்டையும் புழுவுமா நல்லாத்தான் இருந்துச்சு." ஹாட்டியை நிமிர்ந்து பார்த்தான். "வந்ததும் உன்னைத்தான் முதல்ல கேட்டேன். நல்லா இருக்காங்கன்னு சொன்ன."

அந்தச் சீட்டிச் சத்தம் ஹாட்டிக்கு இப்போது கேட்டது. அவன் மேஜைப் பக்கம் போனது, அந்தக் குப்பியைச் சவக்கிடங்கில் தட்டிவிட்டது, கழிவுப் பை சரசரத்தது எல்லாம் கேட்டது. அவள் நாலடி தூரத்தில்தான் நின்றிருந்தாள். "செத்துட்டாங்க" என்று ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தக் கை நின்றிருக்கும். மூன்று வருடமும் அந்தக் கையில்தான் இருந்தது.

இட்ரிஸ் கேக்கையும் கத்தியையும் அவள் பக்கம் நகர்த்தினான்.

"அப்போ இது உன்னோடது," என்றான். "நீதான் வெட்டணும்."

சட்டம் அதுதான். மீதிக் கேக்கை அவள் வெட்டினாள். துண்டுகள் கோணலாக வந்தன. எல்லாரும் மறுபடியும் வாங்கிக்கொண்டார்கள். இட்ரிஸும் வாங்கி, எழுந்து நின்றபடியே முழுவதும் தின்று, விரலைத் துடைத்துக்கொண்டு, கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

திங்கட்கிழமை அவன் வழக்கமான நேரத்துக்கு வந்து பக்கத்து மேஜையில் உட்கார்ந்தான். குட்மார்னிங் சொன்னான். டீ போடும்போது அவளுக்கும் சேர்த்துப் போட்டான், அளவாகச் சர்க்கரை போட்டு. டன்கன் மழையைப் பற்றிப் பேசினான். மரியன் கதவில் தலையை நீட்டி, மூன்றாவது அத்தியாயம் எப்போது வரும் என்று கேட்டார். வெள்ளிக்கிழமையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. யாராவது ஒருவர் தன்னைத் திட்டமாட்டார்களா என்று ஹாட்டி அன்று சாயங்காலம் வரை காத்திருந்தாள்.