தெளிய வைக்கும் அருவி

"ஒண்ணா இருந்தது இப்ப ரெண்டாச்சு. நாளைக்கு நாலாகும். இதுக்குப் பேரு என்ன?" என்று கேட்டுவிட்டு, நாறும்பூநாதன் தம்பி மனைவியின் மார்ஃபின் வலி மாத்திரை அட்டையைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பதிலையும் அவரே சொன்னார். "போதை."

சொல்லிவிட்டுத் தம்ளரில் மிச்சமிருந்ததைக் குடித்தார். ஒரு காலத்தில் அவருக்குக் குவார்ட்டர் போதும். இப்போது அரை பாட்டில் இல்லாமல் சோறு இறங்குவதில்லை. அதற்கு அந்த வீட்டில் 'அண்ணாச்சிக்கு உடம்பு அலுப்பு' என்று பேர்.

தம்பி மனைவி சங்கரேஸ்வரி சுவரில் சாய்ந்திருந்தாள். மார்பில் வந்த புற்று முதுகெலும்புக்கு இறங்கி ஏழு மாதமாகிறது. மாத்திரை போட்டால் மகள் சுகந்திக்குத் தலை பின்னிவிடுவாள். போடாவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். புருஷன் குற்றாலிங்கம் அண்ணன் முகத்தைப் பார்த்தார், மனைவி முகத்தைப் பார்த்தார், கடைசியில் மின்விசிறியைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை இலத்தூர்லேர்ந்து சுகந்தியப் பொண்ணு பாக்க வாராக. தாய்க்காரிக்குப் போதைப் பழக்கம்னு தெரிஞ்சா மானம் என்னாகும்?" என்றார் நாறும்பூநாதன்.

"வலிக்குது அத்தான்" என்றாள் சங்கரேஸ்வரி, புருஷனின் அண்ணனைப் பார்த்து.

"எங்க அம்மைக்குந்தான் வலிச்சுது. வாயத் தொறந்தாளா?"

வாயைத் திறக்காமல் செத்த பெண்களை வைத்துத்தான் நம் வீடுகளில் மானத்தை அளக்கிறார்கள்.

வீடு தேடி வந்து பார்த்துப்போகும் நர்ஸ் வேல்விழி முன்பே விளக்கியிருந்தாள். "நரம்புல அந்த மருந்து உக்கார சீட்டு இருக்குக்கா. தெனமும் வந்தா உடம்பு கொஞ்சம் சீட்ட உள்ள மடக்கிக்கிடும், மிச்ச சீட்டும் மந்தமாயிரும். அதான் அளவு கூடுது. திடீர்னு நிப்பாட்டினா கொட்டாவி வரும், மூக்கு ஒழுகும், புல்லரிக்கும், வயித்தால போகும். அது உடம்பு பழகினது. போதைக்கு அலையுதது வேற. ஒங்களுக்கு என்ன வேணும், கிறக்கமா?"

"நிமிந்து உக்காந்தாப் போதும்ட்டி" என்றிருந்தாள் சங்கரேஸ்வரி.

மாத்திரையைப் பிடுங்கி இரண்டு நாளில் வேல்விழி சொன்னதெல்லாம் சொல்லி வைத்தாற்போல வந்தது. நாறும்பூநாதன் நாற்காலியைக் கக்கூஸ் பக்கம் திருப்பிப் போட்டுக் கவனித்தார். "ஒம்பதாவது தடவை போறா. கொட்டாவிய பாரு. அசல் போதைக்காரிதான்" என்று பெரிய திருட்டைக் கண்டுபிடித்தவர் மாதிரி பூரித்தார். அதற்கு வைத்தியமும் அவரிடம் இருந்தது. புத்தி பேதலித்தவர்களையே குற்றாலத்தில் கொண்டு நிறுத்தித் தெளிய வைக்கிறார்கள். அரை மணி நேரம் அருவியில் நின்றால் இந்த மாத்திரை எம்மாத்திரம்?

வியாழக்கிழமை காலையில் சங்கரேஸ்வரியையும் சுகந்தியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் முதுகில் உயிர் போய் வந்தது. அருவிக்கரையில் பெண்கள் வரிசை நீளமாக நின்றது. அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"வரிசை குறையட்டும் அத்தான். நீங்க மொதல்ல குளிங்க."

குற்றாலத்தில் குளிக்கப் போகிறவர் சட்டையையும் பையையும் உட்கார்ந்திருப்பவரிடம் கொடுத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். நாறும்பூநாதனும் அப்படியே கொடுத்துவிட்டுத் துண்டோடு நடந்தார். வீட்டில் யாரையும் நம்பாமல் அவர் நெஞ்சோடு வைத்துக் காத்த மாத்திரை அட்டை அந்தச் சட்டையில்தான் இருந்தது. பையில் அவருடைய பாட்டிலும் இருந்தது.

சுகந்தி வேல்விழிக்குப் போன் போட்டுக் கொடுத்தாள்.

"ரெண்டு நாள் விட்டுட்டீங்க, பழைய அளவு இப்ப ஆகாதுக்கா. ஒண்ணே ஒண்ணு போடுங்க. நான் சாயந்தரம் வந்து பாத்துச் சொல்லுதேன்."

சங்கரேஸ்வரி ஒன்றே ஒன்றைப் போட்டுத் தண்ணீர் குடித்தாள். அட்டையை இடுப்பில் செருகினாள்.

அரை மணிக்குப் பிறகு நாறும்பூநாதன் வந்தார். புண்ணிய காரியம் என்று காலையிலிருந்து அவர் ஒரு சொட்டும் தொடவில்லை. கை வெடவெடவென்று ஆடியது. சட்டைப் பித்தான் ஓட்டைக்குள் போக மறுத்தது. இரண்டு கொட்டாவியும் விட்டார். சங்கரேஸ்வரி ஒன்று, இரண்டு என்று எண்ணினாள்.

"அந்தப் பையக் கொண்டா."

"அருவியில நின்னா போதை எறங்கிரும்னு சொன்னீயளே அத்தான். எறங்கலையா?"

"இது வேற கத. இது இல்லேன்னா எனக்குக் கை நிக்காதும்மா." பக்கத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார். "மருந்து மாதிரி."

அவள் பையைக் கொடுத்துவிட்டாள். அவரால் மூடியைத் திருக முடியவில்லை. சுகந்தி வாங்கித் திறந்து நீட்டினாள். அவர் அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடித்தார். சற்று நேரத்தில் கை நின்றது. உடனே மானமும் திரும்பி வந்துவிட்டது. சட்டைப்பையைத் தடவினார், அட்டை இல்லை.

"சரி, எந்திரி. வரிசை கொறஞ்சிருக்கு. அந்த அட்டையையும் கொடு."

சங்கரேஸ்வரி எழுந்திருக்கவில்லை. ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு நாளுக்குப் பிறகு அவளால் அது முடிந்தது.

"அட்டை எங்கிட்டயே இருக்கட்டும். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டாளுக முன்னாலதான் மாத்திரை போடப் போறேன். ஒங்களுக்குக் கை ஆடினா நீங்களும் அங்கனயே குடிங்க, உள்ள போயி ஒளிய வேண்டாம். ஏட்டி சுகந்தி, நாளைக்குக் கூடத்துல தம்ளர் ரெண்டா எடுத்து வை."