மூன்று அனுபவசாலிகள்

எங்கள் அறையில் புளுகத் தெரியாத ஒரே ஆள் லிஃப்ட் மெக்கானிக்தான். அவன் வருவதற்கு முன்பு வெல்டர், டிரைவர், பெயிண்டரான நான் என்று மூன்று பேர் இருந்தோம். மூவருக்கும் இருபத்தைந்து தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வெளியே போய்த் திரும்பினால், எவளோடோ இருந்துவிட்டு வந்ததாக ஆளுக்கொரு வீரக்கதை அளப்போம். ஒருவன் கதையில் மற்றவன் குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாது என்பது எழுதாத ஒப்பந்தம்.

மெக்கானிக் குடிவந்த மாதமே ஷேவிங் பிளேடு தேடி அலமாரியைத் துழாவி, வெல்டர் இரண்டு வருடத்துக்கு முன்பு வாங்கிப்போட்ட ஆணுறைப் பெட்டியை வெளியே எடுத்தான். மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக்கூடப் பிரிக்கப்படவில்லை. "இவ்வளவு கதை நடந்திருக்கு, இது எப்படி அப்படியே இருக்கு?" என்று கேட்டான். கிண்டல் இல்லை, பாவி நிஜமாகவே சந்தேகம் கேட்டான்.

ஒன்று, கதையெல்லாம் பொய் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால், இதெல்லாம் நாங்கள் போடுவதில்லை என்று சொல்ல வேண்டும். மூவரும் யோசிக்காமல் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டோம். ஆம்பளைக்கு அதெல்லாம் எதற்கு என்றான் வெல்டர். பிரேக் நம் காலில்தானே இருக்கிறது என்றான் டிரைவர். நான் என் பங்குக்கு, ஆளைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்றேன். என்ன தெரியும் என்று கேட்டிருந்தால் வசமாக மாட்டியிருப்பேன். அவனோ பாடம் கேட்கிறவன் போலத் தலையாட்டிவிட்டுப் பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்தான். அவனுக்கு உண்மையாகவே ஒரு காதலி இருந்தாள், மூக்குக்கண்ணாடிக் கடையில் பில் போடுகிறவள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் அவன் வேலைக்குப் போகாமல் பாயிலேயே உட்கார்ந்திருந்தான். அவளுக்கு நாள் தள்ளிப்போய் ஒன்பது நாள் ஆகிறதாம்.

"ஒண்ணும் வாங்கிட்டு வரலையான்னு அவ கேட்டா. ரூம்ல யாருமே போடுறதில்ல, ஒண்ணும் ஆகாதுன்னு நான்தான் சொன்னேன். இப்ப என்ன செய்யணும்னு சொல்லுங்க. உங்களுக்குத்தான் பழக்கம்."

வெல்டர் தொண்டையைச் செருமினான். "எனக்கு ஒரு தடவைகூட இல்லடா."

டிரைவர் தனக்கும் அதே கதிதான் என்றான். நான் ஒருத்தியோடு சினிமா வரைக்கும் போனதையும், நடுவில் அவள் அண்ணன் உட்கார்ந்து படம் முடியும்வரை பாப்கார்ன் தின்றதையும் சொன்னேன். சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்தது. மெக்கானிக் சிரிக்கவில்லை. அவன் எங்களை அப்படியே நம்பியிருக்கிறான். அதை நினைத்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது.

அந்த நேரத்தில் அவளே போனில் கூப்பிட்டாள். மருந்துக்கடையில் டெஸ்ட் கிட் வாங்கிப் பார்த்தாளாம், ஒன்றும் இல்லையாம். மெக்கானிக் அழுதேவிட்டான். எங்களுக்கும் போன உயிர் திரும்பி வந்தது. பிறகு அவள் ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"ஒன்பது நாளா நான் தூங்கல. கடைக்கும் தனியாத்தான் போனேன். ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்களே, ஆகியிருந்தா எங்க அம்மா முன்னாடி யாரு வந்து நின்னிருப்பீங்க?"

"நான்," என்றான் மெக்கானிக்.

"நீ வருவேன்னு தெரியும். உன்னக் கேக்கல."