ஒரு முழத்துத் தண்ணீர்

என் வீட்டுக்காரன் துளசிங்கத்தைப் போல ஓர் ஊர்சுற்றியைப் பழவேற்காட்டு ஏரி கண்டிருக்காது. பசியாவரத்து ஆம்பிளைகள் விடியலில் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு தோணிக்குப் போனால், இவன் வெறுங்கையை வீசிக்கொண்டு கடலோரமாக நடக்கப் போவான். தொழிலுக்கே போகமாட்டான் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். வாரத்தில் நான்கு நாள் போவான். மீதி மூன்று நாளும் எந்த மேட்டில் எந்தப் பறவை முட்டையிட்டது, எந்தப் புதரில் தாழம்பூ விட்டது என்று பார்த்துவிட்டு, பொழுது சாயும்போது பசியோடு வந்து நிற்பான். பன்னிரண்டு வருஷமாக நானும் திட்டிப் பார்த்தேன். எருமை மேல் மழை பெய்த கதைதான்.

அந்த வருஷம் வைகாசியில் புயல் அடித்தது. கடல் எழுந்து எங்கள் தீவுக்குள் வந்து இரண்டு நாழிகை நின்றுவிட்டுப் போனது. உயிர்ச்சேதம் இல்லை, கங்கையம்மன் அந்த மட்டில் காப்பாற்றினாள். ஆனால் ஊரில் இருந்த ஒரே கிணறு உப்பாகிவிட்டது. அக்கரையில் கோட்டைக்குள் ஒல்லாந்தர் வெட்டியிருந்த கிணற்றுக்கும் அதே கதி. கோடையில் ஆரணியாறு வறண்டு கிடந்ததால், கடல் அதற்குள்ளும் வெகுதூரம் ஏறியிருந்தது. புயலோடு பெய்த மழையைச் சட்டி, பானை, தோணி என்று அகப்பட்டதில் எல்லாம் பிடித்துவைத்து எட்டு நாள் ஓட்டினோம்; அதற்குப் பிறகு பானையடியில் ஆளுக்கு ஒரு வாய்தான் மிச்சம்.

ஒன்பதாம் நாள் நாட்டார் செங்கல்வராயன் ஊரைக் கூட்டினார். ஊருக்கு அவர் வைத்ததுதான் சட்டம்.

"வெள்ளிக்கெயம வரைக்கும் பாக்கலாம். அதுக்குள்ள நல்ல தண்ணி கெடைக்கலன்னா மூட்டையக் கட்டிக்கினு தோணிரேவுக்குப் போயிட வேண்டியதுதான். புள்ளைங்களுக்கு உப்புத்தண்ணிய ஊத்தி சாவடிக்க முடியாது."

தீவை விட்டுப் போனால் எங்கள் பாடும் போய்விடும். பாடு என்றால் ஏரியில் எந்த இடத்தில் எந்த ஊர் எந்த நாள் வலை போடலாம் என்கிற முறை. ஊரே இல்லாதவனுக்கு முறை ஏது? அக்கரையில் தோணிரேவில் இன்னொருத்தன் தோணியில் கூலிக்குத் துடுப்புப் போட்டுக் காலம் தள்ள வேண்டியதுதான்.

ஆம்பிளைகள் சும்மா இருக்கவில்லை. கோட்டையில் கெஞ்சி இரும்பு மண்வெட்டிகளை இரவல் வாங்கிவந்து, கடலோர மணலில் மூன்று நாளாக வெட்டினார்கள். ஆள் உயரம், இரண்டு ஆள் உயரம் என்று போனார்கள். எல்லாம் உப்பு. உள்ளங்கை கொப்பளித்ததுதான் மிச்சம்.

வியாழக்கிழமை விடியலில் துளசிங்கம் என்னை எழுப்பினான்.

"கோவிந்தம்மா, ஒரு எடம் கீது. போய்ப் பாத்துட்டு வரேன்."

"இன்னா எடம்?"

"நாவல் மேடு. ஆறு முன்ன அந்தப் பக்கமாத்தான் கடலுக்குப் போவும். மணலுக்கு அடியில தண்ணி இருக்கும்னு தோணுது."

"தோணுதா? அத்த மூணு நாளைக்கு முன்ன சொல்றதுக்கு இன்னா கேடு?"

"சொன்னேன். ஊர்சுத்தி பேச்ச எவன் கேக்கறான்?"

அவனைத் தனியே விட்டால் வழியில் நண்டோடு பேசிக்கொண்டு நின்றுவிடுவான் என்று நானும் கிளம்பினேன். என் இரண்டு பெண்களும் உதடு வெடித்துப் படுத்துக்கிடந்தார்கள். பானையில் கடைசியாக இருந்த தண்ணீரை அவர்கள் வாயில் ஊற்றிவிட்டு, பக்கத்து வீட்டு ஜெயம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். காலிப் பானையையும் ஒரு கொட்டாங்கச்சியையும் எடுத்துக்கொண்டேன்.

இடுப்பளவு தண்ணீரில் ஏரியைக் கடந்து மணல்திட்டில் ஏறித் தெற்கே நடந்தோம். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் ஏரி. திருமணமாகி இத்தனை வருஷத்தில் ஏரிக்கும் சந்தைக்கும் தவிர நான் எங்கே நடந்தேன்? அவனுக்கோ அது சொந்த வீட்டு முற்றம்.

"இது ஒத்தப் பனை. கடல்ல இருந்து வர்றப்ப மொதல்ல கண்ணுல படறது இதுதான். அதோ அந்தத் தாழங்காட்டுல நுழையாத, பாம்பு கீது. கால இயுத்து இயுத்து வை, மணல் சுடாது."

"வாய மூடிக்கினு நடய்யா. நாக்கு ஒட்டிக்குது."

மூடினானா? மூடவில்லை. புயலில் சாய்ந்த ஈச்சமரத்தைத் தடவிக்கொடுத்து, வேர் இருக்கிறது, பிழைத்துக்கொள்ளும் என்றான். ஆலாப் பறவைகள் குஞ்சு பொரிக்கும் மேடு அடியோடு கரைந்து போயிருந்தது. அங்கே மட்டும் நின்று, காலால் மணலைக் கூட்டி ஒரு சின்ன மேடு வைத்துவிட்டு வந்தான். தாகத்தில் தலை சுற்றிய அந்த நேரத்திலும் அந்தக் கரை அழகாகத்தான் இருந்தது. அதுவே எனக்கு எரிச்சலாக வந்தது.

உச்சிக்கு முன் நாவல் மேட்டுக்கு வந்தோம். மூன்று நாவல் மரங்கள், அவற்றின் பின்னால் பனை உயரத்துக்கு மணல்மேடு. அந்த உயரத்துக்குக் கடல் ஏறியிருக்க முடியாது, மரத்தில் இலை பச்சையாகவே இருந்தது. எனக்கு உயிர் வந்தது. மேட்டைச் சுற்றிக்கொண்டு அந்தப்பக்கம் போனேன். அங்கே பெரிய குழி ஒன்று வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

எங்கள் ஊர் ஆட்கள் வெட்டியதுதான்; அவன் பேச்சைத் தள்ளியவர்கள் தாங்களாகவே இங்கேயும் வந்திருக்கிறார்கள். மண்வெட்டித் தடம் அப்படியே இருந்தது. உள்ளே இறங்கி, அடியில் நின்ற தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். கடலே தோற்றுவிடும் உப்பு.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பானையை மணலில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். "இதுக்கா இயுத்துக்கினு வந்த? ஏற்கெனவே வெட்டிப் பாத்த எடம்யா இது! நாளைக்கு ஊரே காலியாவுது, நீ எனக்கு மரத்தையும் மட்டையையும் காட்டிக்கினு வர்ற! உன்னக் கட்டிக்கினு நான் இன்னா சொகத்தக் கண்டேன்?" அழுதேன். கண்ணீர் வரவில்லை, அதற்கும் உடம்பில் தண்ணீர் வேண்டுமே.

அவன் குழியைத் தாண்டிப் போய்த் தரையைக் குனிந்து பார்த்தான். பிறகு சிரித்தான்.

"இன்னாய்யா சிரிப்பு?"

"இங்க வந்து பாரு. நரி பறிச்சிருக்குது."

மேட்டின் அடிவாரத்தில் நான்கைந்து சின்னப் பள்ளங்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் நரியின் கால்தடம். மணல் சரிந்து மூடியிருந்தாலும் புதுத் தடம்தான்.

"கோடையில இதுங்க இங்கதான் தண்ணி குடிக்கும். நான் எத்தினி தபா பாத்திருக்கேன். நரிகிட்ட மம்மட்டி ஏது? காலால எவ்ளோ ஆயம் பறிக்கும்? ஒரு மொழம். குடிக்கும், போயிடும். நல்ல தண்ணி மேலாலதான் நிக்குது கோவிந்தம்மா. நம்ம ஆளுங்க கையில இரும்பு இருக்குதுன்னு அத்தத் தாண்டி உப்புல போய் விழுந்துட்டானுங்க."

மண்டியிட்டுக் கையால் மணலை அள்ளினான். முழங்கை தரையைத் தொடும் வரைக்கும் தோண்டினான். விரல் நுனியில் மணல் கறுத்து ஈரமானது. எனக்குப் பொறுக்கவில்லை, நானும் கையை விட்டு இன்னும் ஆழமாக அள்ளப் போனேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"போதும். இன்னும் ஒரு பிடி எடுத்தா கெட்டுது."

பன்னிரண்டு வருஷத்தில் அவன் என்னை அதட்டியது அன்றுதான். கையை எடுத்துக்கொண்டேன்.

காத்திருந்தோம். பள்ளத்தின் அடியில் கொட்டாங்கச்சி அளவுக்குத் தண்ணீர் ஊறியது. முதலில் கலங்கல், பிறகு தெளிந்தது. மொண்டு நாக்கில் வைத்தேன். அம்மா தாயே, இளநீர் தோற்றது! மூச்சு விடாமல் முழுவதையும் குடித்துவிட்டேன். நிமிர்ந்தால், அவன் வெடித்த உதட்டோடு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். முந்தின நாள் தன் பங்கைப் பெண்களுக்கு ஊற்றிவிட்டு, தான் குடித்துவிட்டதாக என்னிடம் சொன்னது அப்போதுதான் உறைத்தது.

"எனக்கும் கொஞ்சம் வெப்பியா?" என்றான்.

இரண்டாவது கொட்டாங்கச்சியை நானே அவன் வாயில் வைத்தேன். "நல்லா இருய்யா. நூறு வருஷம் நல்லா இரு" என்றேன். இப்போது கண்ணீர் வந்தது.

பானை நிறைவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. ஊருக்குள் வந்ததும் என் பெண்கள் குடித்தார்கள், அப்புறம் ஜெயம்மா வீட்டுப் பிள்ளைகள். நாட்டார் ஒரு மிடறு வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் விழுங்காமல் நின்றார். மூட்டைகளை அவிழ்க்கச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஊரே நாவல் மேட்டில் நின்றது. ஆம்பிளைகள் பழக்கத்தில் மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள். நாட்டார் அத்தனையையும் பிடுங்கி ஓரமாகப் போடச் சொன்னார்.

"கையாலதான் பறிக்கணும். ஒரு மொழத்துக்கு மேல எவனும் போவக்கூடாது."

"எவன் மொழம்?" என்று கேட்டான் அங்கமுத்து. அவன் கை முழங்கால் வரைக்கும் தொங்கும். "என் மொழத்துக்குப் பறிச்சா உப்புதான் வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். நாட்டார் சிரிக்கவில்லை. யோசித்துவிட்டு, ஒரு பனைமட்டையை எடுத்துவரச் சொன்னார்.

"துளசிங்கம், இங்க வாப்பா. கைய நீட்டு."

என் வீட்டுக்காரன் கூச்சத்தோடு முன்னால் வந்து கையை நீட்டினான். நாட்டார் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரைக்கும் மட்டையை வைத்து அளந்தார். சரியாக அந்த இடத்தில் அரிவாளால் ஒரு வெட்டு. வெட்டிய கோலை ஊர் பார்க்கத் தூக்கிப் பிடித்தார்.

"இனிமே பசியாவரத்துக்கு இதான் மொழம்."

பெண்கள் குலவையிட்டார்கள். துளசிங்கத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கோலை வெட்டி முடித்த பிறகும் கையை மடக்காமல், நீட்டியபடியே ஊருக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தான். நான்தான் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.