சணல் சுற்றிய கறுப்பு வயர்

அம்மா போய் ஒரு மாதம் கழித்துத்தான் மாடிப்படிக்குக் கீழே இருந்த பேட்டரி அறையைத் திறக்க அவனுக்குத் தைரியம் வந்தது. தைரியம் என்று பெரிய வார்த்தையாகச் சொல்கிறேன். தங்கை விரட்டியதால்தான் திறந்தான்.

அவனுக்கு வேலை லாரி எடைமேடையில். லாரி ஏறி நிற்கும், திரையில் எண் வரும், அவன் சீட்டுக் கிழித்துக் கொடுப்பான். டிரைவர்கள் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தாலும், "அண்ணே, நானா சொல்றேன்? மெஷின் சொல்லுது" என்பான். அப்படி எண்ணை நம்பியே பிழைத்தவன் அன்றைக்கும் ஓர் எண்ணை நம்பினான். அதில் என்ன தப்பு என்று என்னைக் கேட்டால் எனக்கும் பதில் தெரியாது.

அம்மாவுக்கு நுரையீரல் தேய்ந்துபோயிருந்தது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும் மெஷின் ஒன்று அவள் கட்டிலருகே ராப்பகலாக ஓடிக்கொண்டிருந்தது. கரன்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும் ஊர். அதனால் கடனோ உடனோ வாங்கி மாடியில் சோலார் தகடுகள், படிக்குக் கீழே பேட்டரிகள், இரண்டுக்கும் நடுவில் ஒரு சார்ஜ் கன்ட்ரோலர் என்று போட்டிருந்தார்கள். அம்மாவின் மெஷினுக்கென்றே தனியாக ஒரு சின்ன இன்வெர்ட்டர். பேட்டரியில் எத்தனை சதவீதம் மிச்சம் என்று போனிலேயே காட்ட ஒரு மீட்டர்.

அந்தப் புயல் நாளில், முந்தின மாலையே கரன்ட் போயிருந்தது. விடிந்தும் வெயில் இல்லை. வெளியூரிலிருந்த தங்கை போனில் அழாத குறையாகச் சொன்னாள்: "அண்ணா, அம்மாவ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடு." அவன் மீட்டரைப் பார்த்தான். "எழுபத்தெட்டு இருக்கு பாப்பா. இந்த மழையில அவங்கள எதுக்கு அலைக்கழிக்கணும்?" என்றான். அவள் அரைமனதாகச் சரி என்றாள். மதியத்துக்குள் மெஷின் நின்றுவிட்டது. நிற்பதற்கு முன் இன்வெர்ட்டர் கத்தியது உண்மைதான். ஆனால் அது கரன்ட் போனாலே கத்துகிற ஜென்மம். யார் காதில் போட்டுக்கொள்வார்கள்? கையிருப்பாக இருந்த சின்ன சிலிண்டர் கார் வரும்வரை தாங்கியது. தண்ணீர் தேங்கிய சாலையைக் கார் தாண்டும்வரை தாங்கவில்லை.

சாவுக்கு வந்திருந்த தங்கை, எல்லாம் முடிந்த அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். வாசலில் நின்று சொன்னாள்: "ஆளைக் கூட்டிட்டு வந்து அந்த மீட்டரைப் பார்க்கச் சொல்லு. அது பொய் சொல்லியிருந்தா உன்மேல தப்பில்ல, நானே ஓடி வர்றேன். அது சரியா இருந்துச்சுன்னா, நீ பார்க்காமயே பார்த்த மாதிரி எங்கிட்டச் சொல்லியிருக்கே. அப்புறம் உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்." அவள் சொன்னால் சொன்னதுதான். சின்ன வயதில் ஒரு பென்சிலுக்காக இவனோடு மாதக்கணக்கில் பேசாமல் இருந்தவள்.

சோலார் வேலை பார்ப்பவளை ஊரே சோலாரக்கா என்று கூப்பிட்டது. ஸ்கூட்டரில் ஏணியைக் கட்டிக்கொண்டு வந்தாள். வாய் ஓயாத மனுஷி. மாடிக்குப் போய்த் தகடுகளை அளந்துவிட்டு இறங்கினாள்.

"மேல இருக்கிறவங்க எல்லாரும் ஒழுங்கா உழைக்கிறாங்க தம்பி. கொஞ்சம் முகம் கழுவி விடணும், அவ்வளவுதான்."

அடுத்து கன்ட்ரோலர். அதன் மூடியைக் கழற்றி, தகட்டிலிருந்து வருவதையும் பேட்டரிக்குப் போவதையும் அளந்தாள். பேட்டரி வகை சரியாகப் பதிந்திருக்கிறதா என்றும் பார்த்தாள். "இவரும் நல்ல மனுஷன்தான். வாங்குறதை ஒளிக்காம குடுத்துடறாரு." பேட்டரிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பழுதில்லை. போனில் தெரிந்த வோல்டேஜும் அவள் கையிலிருந்த கருவி காட்டியதும் ஏறக்குறைய ஒத்துப்போயின.

"எல்லாரும் யோக்கியன்னா திருடன் யாரு?" என்று சிரித்தாள்.

அவன் மீட்டரை இன்னொரு தடவை அளந்து பார்க்கச் சொன்னான். எல்லாம் சரியாக இருப்பதைக் கேட்டு ஒருவன் இப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை.

"மெயினை அணைச்சுட்டேன். அன்னைக்கு எது ஓடுச்சோ அதையே ஓட விடுங்க தம்பி, பார்ப்போம்."

அம்மாவின் அறையில் மெஷின் பழைய சேலையால் மூடிக் கிடந்தது. சேலையை எடுத்து மடித்து வைத்தான். மடிக்கத் தேவையே இல்லை, கொஞ்சம் நேரத்தைக் கடத்தினான். பிறகு சுவிட்சைத் தட்டினான். அந்த உறுமலும், நடுநடுவே பெருமூச்சு விடுவது போன்ற சத்தமும் வீட்டை நிறைத்தன. முன்னறையில் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்திருந்த அப்பா செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார்.

"அவளுக்குக் குழாய் மாட்டிட்டியாடா?"

கேட்ட பிறகுதான் காலிக் கட்டிலைப் பார்த்தார். நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். மகன் "டெஸ்ட் பண்றோம்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேட்டரி அறைக்குத் திரும்பினான்.

சோலாரக்கா போனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ்வளவு பெரிய மெஷின் ஓடுது, இங்க கரன்ட் இழுக்கிறதைக் காட்டுற எண்ணு ஒரு துளி அசையல பாருங்க." மண்டியிட்டு டார்ச் அடித்தாள். பேட்டரிக்குப் பக்கத்தில், இரண்டு பக்கமும் தடித்த போல்ட்டுகளோடு ஒரு சின்னக் கட்டை இருந்தது. "இதுக்குப் பேரு ஷன்ட். தியேட்டர் வாசல்ல டிக்கெட் கிழிக்கிறவர் மாதிரி. எல்லாக் கறுப்பு வயரும் இவர் வழியாத்தான் போகணும், அப்பதான் கணக்கு. பின்வாசல்ல போறவங்கள இவர் எப்படி எண்ணுவாரு? உங்க அம்மா இன்வெர்ட்டரோட வயரை மட்டும் யாரோ இங்கிருந்து கழட்டி, நேரா பேட்டரியில போட்டிருக்காங்க. அன்னைக்கு ஃபேன், லைட்டு போக எழுபத்தெட்டுன்னு காட்டியிருக்கு. அம்மா மெஷின் இழுத்ததை அது பார்க்கவே இல்ல."

அப்படியென்றால் மீட்டர் பொய் சொல்லியிருக்கிறது. அவன் பார்த்தது நிஜம், தங்கையிடம் சொன்னதும் நிஜம். ஒரு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது சட்டென்று இறங்கிவிட்டது. பாப்பாவைக் கூப்பிட வேண்டும், இப்போதே கூப்பிட வேண்டும் என்று போனுக்குக் கை நீட்டினான்.

"இந்தக் கூத்தைப் பாருங்க தம்பி, போல்ட்டுல சணல் சுத்தி வெச்சிருக்காங்க! கரன்ட்டுக்கு எவனாவது சணல் சுத்துவானா?"

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

அப்பா காலமெல்லாம் தண்ணீர் பம்ப் ஹவுஸில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குழாய் மரை எதுவானாலும் தண்ணீர் கசியாமல் சணலை நாலு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே மடித்து விடுவது அவர் பழக்கம். வீட்டில் நாற்காலிக் கால் ஆடினாலும் அதே வைத்தியம்தான். இந்தச் சணலின் நுனியும் உள்ளே மடிந்திருந்தது.

சோலாரக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அறைக்கு வெளியே பார்த்தாள். அவள் சிரிப்பு நின்றுபோனது.

"அப்பாவா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். அவன் தலையாட்டினான். "அஞ்சு நிமிஷ வேலை. மாத்திப் போட்டுட்டுப் போயிடறேன், யாருக்கும் தெரியாது."

"வேண்டாம்க்கா. அவர் அப்பப்ப வந்து பார்ப்பாரு. அவர் இருக்கிற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்."

அதற்குள் அப்பாவே வந்துவிட்டார். கண்களைத் துடைத்திருந்தார். "என்னம்மா, எதுல கோளாறு?"

சோலாரக்கா பையில் ஸ்பேனரைத் தேடினாள். ஸ்பேனர் அவள் கையிலேயே இருந்தது.

"மீட்டர்ல ஒண்ணும் இல்லப்பா," என்றான் மகன். "நான்தான் சரியாப் பார்க்கல."

அப்பா அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தார்.

"விடுடா. உன்னைச் சொல்லி என்ன? மீட்டரை எல்லாம் நான் எப்பவுமே நம்புறதில்ல. குழாய் நடுவுல மீட்டர் வெச்சாலே அழுத்தம் குறையும், எத்தனை வருஷம் பார்த்திருக்கேன். அதான் மழைக்கு முன்னாடியே உங்கம்மா லைனை மட்டும் நடுவுல எந்தத் தடையும் இல்லாம நேரா குடுத்துட்டேன். உங்ககிட்டச் சொன்னா தொடாதேம்பீங்க." குனிந்து அந்தக் கறுப்பு வயரைத் தொட்டுப் பார்த்தார். "இல்லேன்னா அன்னைக்கு விடியறப்பவே போயிருப்பா. மதியம் வரைக்கும் எங்கூடப் பேசிட்டிருந்தாளே, அது நான் குடுத்ததுடா. அதை நெனச்சுத்தான் ராத்திரி கொஞ்சம் தூங்குறேன்."

"ஆமாப்பா," என்றான். "நீங்க குடுத்ததுதான்."

சோலாரக்கா கூலி வாங்காமல் கிளம்பினாள். வாசல்வரை வந்தவன் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போய்விட்டாள்.

மெஷினை நிறுத்தப் போனபோது அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். "கொஞ்ச நேரம் ஓடட்டும்டா" என்றார். அவன் விட்டுவிட்டு முன்னறைக்கு வந்து தங்கைக்குப் போன் போட்டான். முதல் மணியிலேயே எடுத்தாள். காத்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"சொல்லுண்ணா. மீட்டர்தானே?" அந்தக் குரலில் இருந்த ஆசை அவனைக் கொன்றது.

"இல்ல பாப்பா. மீட்டர் சரியாத்தான் இருக்கு."

"அப்ப எழுபத்தெட்டுன்னு சொன்னியே?"

"சும்மா சொன்னேன். பார்க்கல."

போன் வைக்கப்பட்டது. அவன் அதைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றான். உள்ளே மெஷின் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"யாருடா, பாப்பாவா?" அப்பா கேட்டார். "எப்ப வர்றாளாம்?"

"வருவாப்பா," என்றான்.