புள்ளி இல்லாத குதிர்

சட்டையின் கடைசிப் பொத்தானை மட்டும் போட முடியவில்லை.

"உயிர் போயும் தொப்பை போகல பாருங்க," என்றாள் அவள். கூடத்தில் அழுதுகொண்டிருந்த இரண்டு பேர் சிரிப்பு வந்து கையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"விடுங்க அண்ணி, பூவை வச்சு மறைச்சுடலாம்," என்றான் கொழுந்தன்.

வீட்டுக்கு எதிரே பழைய தானியக் களஞ்சியம். ராஜா காலத்துக் கட்டடம். விளைச்சலில் ஒரு பங்கு அங்கே போய்ச் சேரும்; மழை பொய்த்த வருஷத்தில் கதவைத் திறந்து ஊருக்கு அளந்து கொடுப்பார்கள். இப்போது வேடிக்கை பார்க்கத்தான் ஆள் வருகிறது. வாசலில் டிக்கெட் கொடுப்பது அவள். உள்ளே சுற்றிக்காட்டியது அவள் புருஷன், நேற்று வரைக்கும்.

கதவுக்கு மேலே கல்லில் 'குதிர' என்று வெட்டியிருக்கும். அந்தக் காலத்தில் எழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் இல்லை. அது குதிர், தானியம் கொட்டிவைக்கும் கூடு. அவர் குதிரை என்று படித்தார். படித்ததோடு விட்டாரா? ராஜாவின் குதிரை திருட்டுத்தனமாக உள்ளே புகுந்து, மூக்குமுட்டத் தின்று, வந்த கதவு வழியாகவே வெளியேற முடியாமல் மாட்டிக்கொண்டதாக ஒரு கதையும் கட்டிவிட்டார்.

"சுத்தப் புளுகு! நம்பாதீங்க!" என்று டிக்கெட் ஜன்னலிலிருந்து அவள் கத்துவாள்.

"நம்ம வீட்டு அம்மாதான். காதுல வாங்காதீங்க," என்பார் அவர். கல்யாணமான நாளிலிருந்து இதே ரகளை.

தொல்லியல் அதிகாரி பூ வைத்துவிட்டு அவளிடம் வந்தார். "வாசல்ல புதுப் பலகை வைக்கணும்மா. அவர் இருந்தவரைக்கும் எனக்கு மனசு வரல. குதிர்னு புள்ளி வச்சே எழுதிடறோம். கடைசியில நீங்கதான் ஜெயிச்சீங்க."

அவள் படுத்திருந்தவரைத் திரும்பிப் பார்த்தாள். குதிரையும் போய்விட்டால் அந்த மனுஷன் அங்கே இருந்ததற்கு என்னதான் மிச்சம்?

"குதிர்னே போடுங்க சார். அதானே சரி," என்றாள்.

அந்த நேரம் பார்த்து வெளியூர்க்காரி ஒருத்தி வாசலில் எட்டிப் பார்த்தாள். பின்னால் அவள் கணவன். "மன்னிச்சுக்கங்க அக்கா. எதிர்ல பூட்டியிருக்கு. போன தடவை ஒருத்தர் குதிரை கதை சொன்னாரு. இவர் நம்பவே மாட்டேங்கறாரு. அதான் கையோட கூட்டிட்டு வந்தேன்…" சொல்லிக்கொண்டே வந்தவள் படுத்திருப்பவரைப் பார்த்துவிட்டாள். "ஐயோ, இவரா!"

அதிகாரி அந்த வீட்டு அம்மாவையே பார்த்தார்.

"உள்ள வாங்க, உட்காருங்க," என்றாள் அவள். "குதிரை இருந்துது. நிஜந்தான்."

"என்ன நிறங்க?" என்றான் நம்பாத கணவன்.

"வெள்ளை. ஒரு காது மட்டும் கறுப்பு."

கொழுந்தன் அவள் பக்கம் குனிந்தான். "அண்ணன் ஒரு நாளும் நிறம் சொன்னதில்லையே அண்ணி?"

"உங்கண்ணன் எங்க அதைப் பார்த்தாரு?" என்றாள் அவள்.