இருபத்திரண்டு பக்கம் மிச்சம்

…அலுமாரிக்குள் இருக்காது என்று தெரிந்துகொண்டேதான் தேடினேன், சேலைகளுக்கு அடியில், கலியாண அல்பத்துக்குள், பிள்ளையின் பிறப்புப் பத்திரம் கிடக்கிற பிளாஸ்ரிக் பைக்குள், கை ஒரு பக்கம் துழாவ மூளை ஒரு பக்கம் சொல்லிக்கொண்டே இருந்தது, அடேய், அதை நீ நூலகத்தில் அல்லவா கொடுத்தாய், வெள்ளிக்கிழமை, உன் கையாலேயே, புத்தகத்துக்குள் வைத்து. "என்னப்பா தேடுறியள்?" என்று குசினிக்குள் இருந்து தாட்சாயினி கேட்டாள். "குடை" என்றேன். "இந்த வெயிலுக்கோ?" என்றாள். பதினொரு வருசமாக என்னோடு குடும்பம் நடத்துகிறவள், அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. நாளைக்கு விடிய ஐந்து மணி பஸ், எட்டு மணிக்கு யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரியில் இருதயக் கிளினிக், மேனுகாவின் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று படம் பிடித்துப் பார்க்கப் போகிறார்கள், அதற்கு எங்கள் பிள்ளைகள் டொக்டர் எழுதித் தந்த கடிதம் வேண்டும், அந்தக் கடிதத்தை நான் ஒரு துப்பறியும் நாவலில் விட்ட இடம் தெரிய வைத்து, நாவலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விசிலடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மனிசர் புத்தகத்துக்குள் அடையாளத்துக்கு என்னென்னவோ வைப்பார்கள், பஸ் ரிக்கற், மயிலிறகு, தீப்பெட்டி மட்டை… நான் வைத்தது என் மகளின் இருதயத்தை.

உரக்கடைக்குப் போய்வருகிறேன் என்று ஒரு பொய்யைச் சொல்லி மோட்டார் சைக்கிளை உதைத்தேன், ஒரு பொய்க்குப் பின்னால் இன்னொன்று எப்படித்தான் இவ்வளவு ஒழுங்காக வரிசையில் வந்து நிற்கிறதோ, நேற்று இரவு "கடிதத்தை எடுத்து வச்சிட்டியளோ?" என்று அவள் கேட்டபோது அடுத்த புத்தகத்தில் இருந்து தலையைத் தூக்காமலே "ஓம்" என்றவன் நான்தானே, அந்த "ஓம்" பொய்யா, மறதியா, அல்லது கேள்வியே காதில் விழாமல் வாய் தன் பாட்டுக்குச் சொன்னதா, இதைப் போய் எந்த நீதிமன்றத்தில் விளங்கப்படுத்துவது. நூலகத்தில் சுரேகா பதிவுக் கொப்பியை விரல் வைத்துப் பார்த்தாள். "அது சனிக்கிழமையே போட்டுதண்ணை. புனிதம் அன்ரி கொண்டுபோனவா." யார் புனிதம் அன்ரி? முல்லைத்தீவுக் கரைப்பக்கத்து ஆளாம், ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வாட்டில் நேர்ஸாக இருந்து பென்சன் எடுத்தவவாம், இப்போது புளியங்குளச் சந்திக்கு அங்கால் மகளோடு இருக்கிறாவாம். போன் நம்பர் இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு, ஆனா வாசிக்கேக்க எடுக்க மாட்டா. போனைக் கொண்டுபோய்க் குசினிக்குள்ள அரிசி வாளிக்குள்ள வச்சிடுவா." பார்த்தீர்களா, உலகத்தில் முறையாக வாசிக்கிறவர்களும் இருக்கிறார்கள். வெளிக்கிடும்போது சுரேகா சொன்னாள், "நீங்கள் தவணைக்கு முந்திக் கொண்டந்து தந்த முதல் புத்தகம் அதுதானண்ணை, நானே அதிசயப்பட்டனான்." நானும்தான் பிள்ளை. இப்போதுதான் நானும் அதிசயப்படுகிறேன்.

இந்த வாசிப்பு எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, எங்கள் பரம்பரையில் ஒருவருக்கும் இல்லாத வியாதி, அப்பா தன் வாழ்நாளில் வாசித்தது காணி உறுதி ஒன்றைத்தான், நானோ உரப்பையை வாசிப்பேன், வடை சுற்றி வந்த பேப்பரை எண்ணெயோடு வாசிப்பேன், மதிலில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலியை மருமக்கள் பேர் வரைக்கும் நின்று வாசிப்பேன், ஒருமுறை அப்படி நின்று வாசித்ததில் இன்னொரு செத்தவீட்டுக்குப் பிந்திப் போனேன். கமக்காரனுக்கு வாசிக்க நேரம் எங்கே என்று கேட்பார்கள், வாய்க்காலில் முறைத் தண்ணீர் பாய்ச்சி அறியாதவர்கள் கேட்கிற கேள்வி அது. என் முறை வந்தால் ஆறு மணித்தியாலம், வரம்பை வெட்டிவிட்டுக் குந்தியிருக்க வேண்டியதுதான், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்தால் என்ன, புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தால் என்ன, தண்ணீருக்கு ஒன்றுதான். பக்கத்து வயல் வீரகத்தி அண்ணைக்கு மட்டும் அது ஒன்றல்ல, "தம்பி, உன்ர கதையில கலியாணம் முடியிறதுக்குள்ள என்ர பயிர் வெள்ளத்தில போடும்" என்பார், இரண்டு தரம் போனதும் உண்மை. தாட்சாயினி வேறு மாதிரி. "நீங்கள் புத்தகத்தைக் கலியாணம் கட்டியிருந்தா அதுக்கும் நான் சமைச்சுப் போட்டிருப்பன்" என்று ஒருமுறை சொன்னாள், சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், சிரித்து முடிந்த பிறகு அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, பக்கம் திருப்பிக்கொண்டிருந்தேன்.

சந்தியில் லொறிகளுக்கு வழிவிட்டு நிற்கும்போது சட்டைப் பைக்குள் போன் அடித்தது, அவள்தான், ஓடும்போது போன் எடுக்கக்கூடாது, நான் சட்டத்தை மதிக்கிற குடிமகன், நின்றுகொண்டுதான் இருந்தேன் என்பது வேறு விசயம். திருப்பத்தில் நடு றோட்டில் மாடுகள் படுத்திருந்தன, கோர்ண் அடித்தேன், ஒரு மாடு திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தது, எங்கள் மாமி பார்ப்பது போலவே. பிள்ளைக்கு ஏன் இப்படி வந்தது என்ற இந்த ஒரு கேள்வியை நான் எத்தனை பேரிடம் எத்தனை வளைவு வளைத்துக் கேட்டுவிட்டேன்… நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்ட பிள்ளைகள் டொக்டரிடம், "சளி உள்ளுக்க இறங்கினா இப்பிடி இளைக்குமோ டொக்டர்?" என்றேன், "ஒரு சத்தம் கேக்குது, யாழ்ப்பாணத்தில பாத்திட்டுச் சொல்லுவினம்" என்று எழுதிக்கொண்டே சொன்னார். மாமி வடிவம்மாவிடம் கேட்டேன், அவ பஞ்சாங்கத்தை எடுத்துச் சனியைக் காட்டினா. மருந்துக்கடை நிருஷனிடம் கேட்டேன், "போனில அடிச்சுப் பாருங்கோ அண்ணை, எல்லாம் வரும்" என்றான், அடித்துப் பார்த்தேன், எல்லாம்தான் வந்தது. ஒருவரிடமும் நான் உண்மையில் கேட்க வந்ததைக் கேட்கவில்லை, அது வேறு.

அது நடந்தது போன சிறுபோக நெல்லுக்கு, ஒரு சனிக்கிழமை. என் முறைத் தண்ணீர், மேனுகாவும் வந்தாள், அப்போது அவளுக்கு ஆறு வயது ஆகவில்லை, பூவரசம் இலையில் கப்பல் செய்து வாய்க்காலில் விட்டுவிட்டு, ஒவ்வொரு கப்பலுக்கும் எங்கே போகிறாய் என்று கேட்டு, அதற்குத் தானே பதிலும் சொல்லிக்கொண்டு இருந்தாள். நான் ஒரு வரிதான் வாசித்தேன்… ஒரு பக்கம்… சரி, ஒரு அதிகாரம். அவள் விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை, பேச்சுச் சத்தம் நின்றதுதான் கேட்டது. திரும்பினால் மதகுக்குக் கிட்ட மஞ்சள் சட்டை மட்டும் தெரிந்தது. குதித்தது தெரியும், இழுத்தது தெரியும், தோளில் போட்டு முதுகில் அடித்தது தெரியும், இருமினாள், தண்ணீர் வந்தது, பிறகு அழுகை வந்தது, உலகத்தில் அவ்வளவு நல்ல அழுகையை நான் கேட்டதில்லை. என் சேர்ட்டைக் கழற்றித் தலை துடைத்து, வெயிலில் காய வைத்து, கடைக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சொக்லேற் வாங்கிக் கொடுத்து, "அம்மாவுக்குச் சொல்லாதயுங்கோ செல்லம்" என்றேன். சொல்லவில்லை. எட்டு மாதமாகச் சொல்லவில்லை. நிலாவில் மான் இருக்கிறதைக்கூட ஓடிப்போய்ச் சொல்லுகிற பிள்ளை, இதை மட்டும் சொல்லவில்லை, சில நேரம் சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது என்னைப் பார்ப்பாள், நாங்கள் இரண்டு பேரும் ஏதோ சேர்ந்து களவெடுத்த ஆட்கள் மாதிரி. அந்தக் கிழமையே இருமல் வந்தது, பிறகு இளைப்பு, போன மாதம் பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியில் எல்லாப் பிள்ளைகளும் ஓட இவள் பாதி வழியில் குந்திவிட்டாள், சுற்றிவர இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் முதலில் சிரித்தேன், பிறகுதான் உதடு நீலம் பாரித்திருப்பதைக் கண்டேன். தண்ணீர் உள்ளே போனது, உள்ளே ஏதோ பழுதாகிவிட்டது, கணக்கு எவ்வளவு சுலபம், ஒரு அதிகாரத்துக்கு ஒரு நெஞ்சு.

கடிதம் இருந்த என்வலப் ஒட்டப்படவும் இல்லை, தெரியுமா. பத்து நாள் என்னிடம் இருந்தது. வடை பேப்பரை விடாதவன் அதைத் திறக்கவில்லை. இங்கிலீசு என்று சாட்டுச் சொல்லலாம், உரப்பையும் இங்கிலீசுதான்.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை, விறாந்தையில் ஒரு கதிரையில் தடித்த கண்ணாடி போட்ட மனிசி ஒருவர் இருந்தார், மடியில் புத்தகம் கவிழ்ந்து கிடந்தது, என்வலப் பக்கத்து ஸ்ரூலில், காற்றுக்குப் பறக்காமல் மேலே ஒரு தேத்தண்ணிப் பேணி. "மேனுகாட அப்பாவோ?" என்றார், நான் ஹெல்மெட்டைக் கழற்றவும் இல்லை. ஓம் என்றேன். "இரும். இண்டைக்கு மத்தியானம்தான் தம்பி இந்தப் பக்கத்துக்கு வந்தனான். நாளைக்குக் கிளினிக் எண்டு கிடக்கு, எனக்கு ஈரக்குலை நடுங்கிப் போச்சு. சுரேகாப் பிள்ளைக்கு அடிச்சனான், ஆள் அங்கதான் வந்துகொண்டிருக்கிறார் எண்டவள்." நன்றி சொன்னேன், இரண்டு தரம் சொன்னேன், கையை நீட்டினேன், அவர் கடிதத்தைத் தரவில்லை, கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "ஒண்டு கேக்கட்டோ? கொலைகாரன் ஆரெண்டு தெரியாமல் எப்பிடித் தம்பி இந்தப் புத்தகத்தைத் திருப்பிக் குடுத்தனீர்? கடிதம் இருந்த இடத்தில இருந்து இன்னும் இருபத்திரண்டு பக்கம் மிச்சம் கிடக்கு." முடித்துவிட்டேன் அக்கா என்றேன். "அப்ப ஆர் கொலைகாரன்?" சமையல்காரன் என்றேன், எதற்கும் சமையல்காரனைச் சொன்னால் பிழைக்காது என்ற நம்பிக்கையில். "சமையல்காரன் எட்டாம் அதிகாரத்திலயே செத்துப் போனான்" என்றார் புனிதம் அக்கா.

சிரிப்பு வந்தது, அதோடு சேர்ந்து வெள்ளிக்கிழமையும் வந்தது. வெள்ளிக்கிழமை என்ன நடந்தது… மேனுகா விறாந்தையில் மூச்சு வாங்கிக்கொண்டு பாடம் எழுதிக்கொண்டு இருந்தாள், ஒவ்வொரு வரிக்கும் ஒருதரம் நிமிர்ந்து மூச்சு எடுத்தாள், நான் புத்தகத்தைத் திறந்தேன், கடிதம் இருந்தது, மூடினேன், எழும்பினேன், மோட்டார் சைக்கிளை எடுத்தேன். மறந்து போனேனா, மறக்கப் போனேனா? கடிதம் இல்லாவிட்டால் கிளினிக் இல்லை, கிளினிக் இல்லாவிட்டால் ஒருவரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை, சொல்லாதவரை… ஒரு மனிசன் இவ்வளவு மடையனாக இருக்கலாமா, இருக்கலாம், அதற்கு நிறைய வாசித்திருக்க வேண்டும்.

அந்த மனிசியிடம்தான், முன்பின் தெரியாதவரிடம், எல்லாவற்றையும் கொட்டினேன், வாய்க்கால், மஞ்சள் சட்டை, ஒரு வரி என்று தொடங்கி ஒரு அதிகாரம் வரைக்கும், சொக்லேற் வரைக்கும். கடைசியில் கேட்டேன், எட்டு மாதமாக வளைத்து வளைத்துக் கேட்டதை நேரே கேட்டேன், "அண்டைக்குத் தண்ணிக்குள்ள விழுந்ததாலதானோ அக்கா?"

"இல்லை" என்றார். "இது தாய் வயித்துக்குள்ளயே இருந்து வந்தது. அந்தப் பிள்ளை தண்ணியையே காணாமல் வளந்திருந்தாலும் இருந்திருக்கும். உம்மட வாசிப்புக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

நெஞ்சுக்குள் இருந்து ஒரு நெல் மூடையை ஆரோ இறக்கினார்கள், அப்படியே எழும்பிப் பறந்துவிடலாம் போல இருந்தது, ஒரு விநாடி, அவ்வளவுதான், பிறகு வெட்கம் வந்தது, எட்டு மாதமாக நான் கேட்டுக்கொண்டு திரிந்தது என் மகளைப் பற்றி அல்ல, என்னைப் பற்றி. அதோடு இன்னொன்றும், இதைச் சொல்லவே கூசுகிறது, பிழை என்னுடையதாக இருந்தபோது அது எனக்கு ஒரு பிடியாக இருந்திருக்கிறது, நான் கெடுத்தது என்றால் நானே திருந்தினால் சரிவரும் என்று எங்கோ ஒரு மூலையில் நம்பிக்கொண்டு இருந்திருக்கிறேன், புத்தகத்தை விட்டுவிட்டால், கோயிலுக்கு நேர்ந்துகொண்டால், பிள்ளையை இனிக் கண்ணில் இருந்து விடாமல் பார்த்தால்… இனி எதை விடுவது, எதைத் திருத்துவது? "அப்ப… பிள்ளை?" என்றேன்.

புனிதம் அக்கா கண்ணாடியைக் கழற்றினார், கடிதத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அதன் மேல் மடக்கிவிட்டார். "இருதயத்தில ஓட்டை எண்டு டொக்டர் சந்தேகப்படுறார். சின்ன ஓட்டையா இருந்தா இப்பிடி எழுதியிருக்க மாட்டார், தானா மூடுற சாதியில்லை இது. ஒப்பறேசன் செய்ய வேண்டித்தான் வரும். நான் வாட்டில கண்ட பிள்ளையளில கனபேர் அது முடிஞ்சு ஓடித் திரிஞ்சதுகள்." மடக்கிய என் விரல்களை இன்னும் விடவில்லை. "எல்லாரும் இல்லைத் தம்பி. பயமில்லை எண்டு மட்டும் நான் உமக்குச் சொல்ல மாட்டன்."